சுவிட்சை விடு

ரேடியோவில் பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் மார்க் போட்டுக்கொள்வார்கள் என்பது எனக்குப் பதின்மூன்று வயதில்தான் தெரிந்தது. பேச்சு எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதற்கு ஐந்துக்கு ஒரு மார்க். எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பதற்கு ஒன்பதுக்கு ஒரு மார்க். இரண்டிலும் முழுசாக வாங்கினால் ‘ஃபைவ் நைன்’. ஒரே இரைச்சலாக இருந்தாலும் பாதிப் பேர் மரியாதைக்கு ஃபைவ் நைன் என்றே சொல்லிவிடுவார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? அதே கதைதான்.

பிரேசர் டவுனில் ஒரு மொட்டை மாடி. அதன் மூலையில் ஷீட் போட்ட ஓர் அறை. அறைக்குள் ஹாம் ரேடியோ, அதாவது லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சொந்த வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற ரேடியோ. லைசென்ஸ் அந்த வீட்டுக்காரருடையது. டெலிபோன் இலாகாவில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, மூக்கு நுனியில் கோபம். நாங்கள் அவரை அங்கிள் என்று கூப்பிட்டோம். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தும் கூப்பிட்டோம்.

நாங்கள் என்றால் நீலசந்திராவிலிருந்து வந்த எட்டு சாரணிப் பெண்கள். வருஷத்தில் ஒரு முறை, அக்டோபர் மாதம் ஒரு சனி ஞாயிறில், உலகம் முழுக்க இருக்கிற சாரணப் பிள்ளைகள் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். எங்கள் பள்ளியின் பி.டி. மிஸ்தான் எங்கள் சாரணியர் கேப்டனும். அவர் எங்களுக்கு நீலச் சீருடை மாட்டி, ஸ்கார்ஃபை இழுத்துச் சரிசெய்து, இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் “முந்தே ஹோகி, முந்தே ஹோகி” என்று எங்களை முன்னால் போகச் சொல்லித் தள்ளியதில் இஸ்திரி எல்லாம் போய்விட்டது. ரேடியோவில் யாருக்கும் நம் சட்டை தெரியாது என்று அவள்தான் சொன்னாள்.

அவள் என்றால் என் சிநேகிதி. ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. என் வீட்டு வாசலில் நின்று எட்டி உதைத்தால் அவள் வீட்டுக் கதவு திறக்கும், அவ்வளவு கிட்டே. அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

ரேடியோ மைக்கின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதை அமுக்கினால் பேசலாம். அமுக்கிக்கொண்டே இருக்கும்வரை எதிராளி பேசுவது நமக்குக் கேட்காது. ஆகவே பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்லிவிட்டு சுவிட்சை விட வேண்டும். இதில் ஒரு பெரிய வித்தையும் இல்லை, ஆனால் எங்களில் ஒருத்திக்கும் அது வரவில்லை. ஓவர் சொன்ன பிறகும் கட்டைவிரலை எடுக்காமல், வாயைப் பிளந்துகொண்டு பதிலுக்குக் காத்திருந்தோம். அங்கிள் அன்றைக்கு முழுக்க “சுவிட்சை விடும்மா! விடு, விடு!” என்று கத்தியே தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டார்.

அவளுக்கு மட்டும் முதல் தடவையே வந்தது. என் முறை வந்தபோது பக்கத்தில் நின்று, நான் ஓவர் சொன்னதும் என் முழங்கையில் ஓர் இடி இடித்தாள். கை தானாக விட்டுவிட்டது. எனக்குக் கிடைத்தது ஆஸ்திரேலியாவில் யாரோ ஒரு பையன். அங்கே மழையா வெயிலா என்று கேட்டான். வெயில் என்றேன். அத்தோடு சரி.

அவளுக்குக் கிடைத்தது ஜப்பானில் ஒரு பெண், எங்கள் வயசுதான். ஊர்ப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. இருவருடைய இங்கிலீஷும் ஒரே லட்சணம், அதனால் ஒருவர் பேசியது மற்றவருக்கு நன்றாகப் புரிந்தது. உன் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று அந்தப் பெண் கேட்டாள். நானாக இருந்தால் அல்சூர் ஏரி தெரிகிறது என்று அளந்துவிட்டிருப்பேன். இவள் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் மேல் ஒரு காக்கா. ஓவர்” என்றாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கடல் தாண்டி ஒருத்தி சிரிப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த வருஷமும் இதே நாள், இதே நேரம் பேசலாம் என்று அவர்கள் இருவரும் முடிவு செய்துகொண்டார்கள். அங்கிள் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் அலை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். ஆனால் அவரே மைக்கை வாங்கி, ஜப்பான் பக்கம் ரேடியோவைப் பார்த்துக்கொண்ட பெரியவரோடு பேசி, அடுத்த வருஷம் அலையில் எந்த இடத்தில் தேடுவது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் நிம்மதி இல்லை. அவளுடைய அம்மா ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தைக்கிற வேலைக்குப் போனவர். சாயங்காலம் தலையில் நூல் துணுக்கோடு வந்து உட்காருவார். அப்பா எப்போதோ வேறு எங்கோ போய்விட்டார், அவரைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் இவள் ஆரம்பிப்பாள்.

“அம்மா, பசிக்குது, ஓவர்.”

“இன்னாடி அது ஓவரு?”

“நான் முடிச்சிட்டேன், இனி நீ பேசுன்னு அர்த்தம். ஓவர்.”

“அப்ப வாய மூடு. வந்து வெங்காயம் நறுக்கு.”

இவள் அசையாமல் நிற்பாள். “நீ ஓவர் சொல்லலியேம்மா, நான் எப்படிப் பேசறது?”

“ஓவர்டி, ஓவர்! போயி நறுக்கு!”

எதிர்வீட்டில் நாங்கள் சிரிப்போம். அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டார். ஜப்பான் பெண்ணின் பெயரை அவள் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருந்தாள், மறந்துபோகாமல் இருக்க. வாடகை வீட்டுச் சுவரில் கிறுக்காதே என்று அதற்கும் திட்டு விழுந்தது.

ஜூலையில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்த மழைக்காலத்தில் எங்கள் காம்பவுண்டில் பல பேருக்கு வந்தது. பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மற்றவர்கள் எல்லாம் தேறி எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் உண்மை. அவளைக் கொண்டுவந்து கிடத்தியபோது நான் அவள் காலைப் பார்த்தேன். கொலுசு ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று எங்கே என்று யோசித்தேன். மறுநாள் வீட்டுப்பாடம் செய்தேன். காரியத்துக்குச் சமைத்த வடையைச் சாப்பிட்டேன், உப்பு சரியாக இருந்தது. ஸ்கூலில் முடிச்சுப் போடும் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். காம்பவுண்டுப் பெண்கள் குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். “கூடவே திரிஞ்சவ, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல பாரு. பொண்ணா கல்லா?” எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகை வராவிட்டால் என்ன செய்வது, கடையில் போய் வாங்கி வரவா முடியும்? ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. காலையில் எழுந்தால் பல் தேய்த்தேன். யாரோ என்னைச் சுற்றிப் பஞ்சை வைத்து அடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சத்தமெல்லாம் கொஞ்சம் தள்ளியே கேட்டது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா காதில் விழுந்தால் மனசு உடைந்துவிடும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். “அந்தப் புள்ள”, “பாவம், அது” என்றுதான் பேச்சு. அதே பெயர் உள்ள இன்னொரு சின்னப் பெண் எங்கள் காம்பவுண்டில் இருந்தாள், அவளைக்கூடப் பாப்பா என்று மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த அம்மா வேலைக்குப் போவார், வருவார், வாசலில் உட்காருவார். யாராவது வந்து உட்கார்ந்து விலைவாசி பேசுவார்கள். அவர் யார் வாயையாவது பார்த்துக்கொண்டே இருப்பார். எதற்கு அப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அக்டோபர் வந்தது. மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜப்பான் பெண்ணோடு பேச நீதான் போக வேண்டும், அந்தப் பெண் கேட்டால் இவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடு என்றார். அங்கிளும் அதையே சொல்லி அனுப்பியிருந்தார். லைசென்ஸ் இல்லாத பிள்ளைகள் வாழ்த்து சொல்லலாம், பெயர், பள்ளி, வானிலை சொல்லலாம், அதற்கு மேல் வீட்டு விஷயம் எதுவும் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. அதுவும் அந்தப் பெண் சின்னப் பிள்ளை, அவள் மனசை எதற்குக் கெடுக்க வேண்டும் என்றார்கள். நான் சரி என்றேன். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அதுவும் ஒரு பாடம் மாதிரித்தான் இருந்தது.

என் அம்மா சும்மா இருக்கவில்லை. குழாயடியில் பேச்சோடு பேச்சாக இதைச் சொல்லிவிட்டிருக்கிறாள். சனிக்கிழமை நான் சீருடை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, எதிர்வீட்டம்மா வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிற புடவை, கையில் பை.

“நானும் வரேன்” என்றார்.

“அங்க ஒன்னியும் இல்லம்மா. சும்மா ரேடியோதான்.”

“தெரியும். அந்தப் பொண்ணு அவளக் கேக்கும் இல்ல?”

நான் தலையாட்டினேன்.

“அதக் கேக்கத்தான் வரேன்” என்றார்.

சிவாஜி நகரில் இறங்கி அடுத்த பஸ் ஏறினோம். நான் ஜன்னல் பக்கம், அவர் இந்தப் பக்கம். எனக்குப் பயம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, உடனே போய்விட்டது. மற்றப் பெண்களோடு முன்னாலேயே அங்கே வந்திருந்த மிஸ் எங்களைப் பார்த்ததும் முகம் மாறினார். அங்கிள் படிக்கட்டிலேயே வழிமறித்து, “இதெல்லாம் சரிப்படாது” என்று மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா அதைக் கேட்காத மாதிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. அங்கிள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு அலை நன்றாக இருந்தது. மற்றப் பெண்கள் மலேசியா, இந்தோனேசியா என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். பழைய பாட்டுத்தான். ஓவர் சொல்வதும், சுவிட்சை அமுக்கியபடியே நிற்பதும், அங்கிள் விடு விடு என்று கத்துவதும். அந்த அம்மா ஒவ்வொருத்தி கையையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் வந்தது. அங்கிள் குமிழைத் திருகிக் கொஞ்ச நேரம் தேடினார். உஸ் என்ற சத்தம். நடுவில் ஒரு பெரியவர் குரல், ஜப்பானிலிருந்து. அங்கிள் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரைப் போட்டார். பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது. எடுத்த எடுப்பில் அவள் சொன்னது ஒரு பெயரை. கேள்வியாகச் சொன்னாள். கொஞ்சம் இழுத்து, தப்பான இடத்தில் அழுத்தி, அவர்கள் ஊர்ப் பெயர் மாதிரி ஆக்கிச் சொன்னாள். இருந்தாலும் அதே பெயர்தான். காக்கா எப்படி இருக்கிறது என்றும் கேட்டாள். ஓவர் என்றாள்.

அந்த அம்மா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று மாதமாக யார் வாயிலிருந்தும் வராத பெயர். அவர் யார் யார் வாயையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மைக் என் கைக்கு வந்தது. சுவிட்சை அமுக்கினேன். படித்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஷீ ஹேஸ் கான் டு ஹெர் நேட்டிவ் பிளேஸ். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, சொல்லிவிட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. சுவிட்சை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

“ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லச் சொன்னாங்கம்மா.”

“எந்த ஊருக்கு?” என்று கேட்டார். கோபமாக அல்ல. மிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“வேற என்ன சொல்லட்டும்?”

“அவ இல்லேன்னும் சொல்லாத, இருக்கான்னும் சொல்லாத. அவ அம்மா வந்திருக்குன்னு சொல்லு.”

அமுக்கினேன். சொன்னேன். ஹெர் மதர் ஹேஸ் கம், ஓவர். விட்டேன். அந்தப் பக்கம் ஒரு சின்ன சந்தோஷக் கூச்சல் கேட்டது. ஹலோ மதர், ஹலோ மதர் என்றாள். அம்மா பேச வேண்டும், ஓவர் என்றாள்.

நான் அங்கிளைப் பார்த்தேன். தமிழில் யாரும் பேசக் கூடாது, கேட்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று காலையிலிருந்து அவர் மிரட்டிக்கொண்டிருந்தார். இப்போது எங்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் எழுந்து, மைக்கை அந்த அம்மாவின் வாய்க்கு நேராகப் பிடித்து, சுவிட்சை அமுக்கினேன்.

அவர் முதலில் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் மகளின் பெயரைச் சொன்னார். முழுசாக, நிதானமாக, வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. “அவளோட அம்மா பேசறேன் கண்ணு” என்றார். “உன் பேரு எங்க வூட்டு சுவத்துல இருக்குது. கரியில எழுதி வெச்சிருக்கா. வூட்டு ஓனரு வந்து சுண்ணாம்பு அடிக்கணும்னாரு, நான் அடிக்க வேணாம்னு சொல்லிட்டேன். நீ சிரிச்சத வந்து சொன்னா. அன்னிக்கி பூரா அதே பேச்சு. இந்தத் தடவ உன்கிட்ட எங்க வாசல்ல என்ன தெரியுதுன்னு சொல்லணும்னு இருந்தா. அதுக்குள்ள காமாலை வந்துருச்சு. போயிட்டா.”

நிறுத்தினார். குரல் உடையவில்லை. அவர் பேசி முடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் மைக்குக்கு இன்னும் கிட்டே வந்தார்.

“தண்ணிய காய்ச்சிக் குடி, கண்ணு. நல்லாக் காய்ச்சி, ஆற வெச்சுக் குடி. மழக்காலத்துல வெளிய எங்கியும் குடிக்காத. உங்க அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.” பிறகு, “ஓவர்” என்றார்.

எனக்கு விரலை எடுக்கத் தோன்றவில்லை. ஓவர் என்று அந்த அம்மா வாயிலிருந்து வந்ததும் என் முழங்கை தானாக விறைத்தது. ஓர் இடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அங்கிளும் கத்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. ஜப்பானில் அந்தப் பெண் பதில் சொல்லியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. இங்கே நாங்கள் மூச்சு விடுவது அங்கே கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

“நான் முடிச்சிட்டேம்மா” என்றார் அவர். “நீ விடு.”

விட்டேன்.

முதலில் வெறும் உஸ். அப்புறம் அந்தப் பெண், மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். சிரிப்பு இல்லை. மொழி தெரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றாள். ஃபைவ் நைன், மதர் என்றாள். ஃபைவ் நைன். கடைசியில் அந்தப் பெயரை இன்னொரு முறை சொன்னாள். இந்தத் தடவை அம்மா சொன்ன மாதிரியே, சரியான இடத்தில் அழுத்திச் சொன்னாள்.

“இன்னா சொல்லுது?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

அது மரியாதைக்குச் சொல்கிற மார்க்கா, உண்மையான மார்க்கா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு இரைச்சல் அதிகம் இல்லை என்பது மட்டும் நிஜம்.

“நீங்க பேசினது எல்லாம் நல்லாக் கேட்டுச்சாம்மா. ஒரு சொல் விடாம.”

“ஆங்” என்றார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப காய்ச்சித்தான் குடிக்கும்.”

மைக்கை மேஜையில் வைத்தேன். சுவிட்சை அவ்வளவு நேரம் அமுக்கியதில் கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. உதறினேன். ரத்தம் ஓடியதும் விரல் முழுக்க ஊசியாகக் குத்தியது. வலிக்குதும்மா என்று அந்த அம்மாவிடம் விரலைக் காட்டினேன். அவர் என் கையை வாங்கி, தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார். ஜூலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.